வம்சாவளி தேடித் தருகிறோம் என்கிறார்கள்: காசு கட்டலாமா?

தாராவி 90 அடி சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பெயருக்குத்தான். பிழைப்பு ஓடுவது மனு எழுதுவதிலும், படிவம் நிரப்புவதிலும், ஊரில் கிடக்கும் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதிலும். கொஞ்ச காலமாகக் கடைக்கு ஒரு புதுக் கேள்வி வருகிறது. போனில் ஏதாவது ஒரு வம்சாவளி வெப்சைட்டைக் காட்டி, "அக்கா, இதுல பணம் கட்டினா பாட்டன் பூட்டன் பேரெல்லாம் எடுத்துக் கொடுப்பாங்களாம், கட்டலாமா?" என்கிறார்கள். புனேயில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனும் அதையே கேட்டான். "ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா தள்ளுபடி, அத்தை." தள்ளுபடி இருக்கட்டும்டா, முதலில் என்ன தேடுகிறாய் என்று சொல் என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. சான்றிதழுக்காக என்றால் இந்த வெப்சைட் எதுவும் உதவாது. மகாராஷ்டிரத்தில் எஸ்.சி. சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அழகாகப் பிரின்ட் எடுத்த வம்ச மரத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தாத்தாவோ பெரியப்பாவோ மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால், அந்தப் பள்ளியின் ஜெனரல் ரிஜிஸ்டர் (மாணவர் சேர்க்கைப் பதிவேடு) நகல்தான் வேலைக்கு ஆகும். சொத்துப் பாகத்துக்கு என்றாலும் அப்படித்தான். வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்க வெப்சைட் கொடுக்க முடியாது.

வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையா? அப்படியானால் மேலே படியுங்கள்.

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற இடங்களில் நீங்கள் கட்டுவது சந்தா. பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து, பெயரை வைத்துத் தேடும்படி செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகளில் பெரும்பகுதி இங்கிலாந்து, அமெரிக்கா, ஐரோப்பாவுடையது. அங்கே வீடு வீடாகப் பெயர் எழுதிய மக்கள் தொகைத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் 1841-லிருந்து பெயர் பெயராகப் பார்க்கலாம். நம் ஊரில் அந்தக் காலத்துக் கணக்கெடுப்புத் தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. ஜில்லாவுக்கு இத்தனை பேர், தாலுகாவுக்கு இத்தனை பேர் என்ற மொத்தக் கணக்குதான் அச்சில் மிஞ்சியது. அதனால் விளம்பரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் இரண்டு நிமிடத்தில் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடித்துக் கண் கலங்கினால், அது அந்த நாட்டுக் காகிதத்தின் பெருமை. வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி அந்தக் காகிதத்தில் இல்லை. கடலில் மீன் இருக்கிறதா என்று பார்க்காமல் வலையை வாடகைக்கு எடுப்பது போலத்தான் நம்மில் பலர் சந்தா கட்டுவது.

பெயர்ப் பிரச்சினை வேறு. இந்த வெப்சைட்டுகள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுபவை. நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். பம்பாயில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ கடைசிப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அதனால் ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை முனுசாமிதான். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் இணையத்தில் போட்டு வைத்திருந்த மரத்தில் எல்லா முனுசாமியையும் ஒன்றாக்கி வைத்திருந்தார். அதன்படி 1880 வாக்கில் பிறந்தவர் 1961-இல் மாலையும் கழுத்துமாக நிற்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறோம் என்பவர்களில் சிலர், இப்படி ஊரார் போட்ட மரங்களை ஒட்டவைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

காசில்லாமல் முதலில் செய்ய வேண்டியது

வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. "உங்க தாத்தாவுக்கு அப்பா பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால், தெரியாது கண்ணு என்று முடிந்துவிடும். "குலதெய்வம் கோயில்ல தலைக்கட்டு வரி யார் யார் பேர்ல எழுதுவாங்க? கல்யாணத்துக்கு முதல் பாக்கு எந்த வீட்டுக்கு வைப்பீங்க? யார் வீட்டுச் சாவுக்கு நமக்குத் தீட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த வீடு பங்காளி, எந்த வீடு மாமன் மச்சான் என்று பாட்டிமார் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். பெயர் மறந்திருக்கும், முறை மறந்திருக்காது.

அப்புறம் மொய் நோட்டு. பரணில் கிடக்கும் அந்த நீள நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் அத்தை கல்யாணத்து மொய் நோட்டில் "ஆலங்காயம், சின்னக்கண்ணு மகன் பெருமாள், ரூ. 5" என்று வரிசையாக இருக்கிறது. ஊர், அப்பா பெயர், மகன் பெயர் மூன்றும் ஒரே வரியில். தாய்மாமன் மொய் யார் பெயரில் முதலில் விழுந்தது என்று பார்த்தால் பாட்டி பிறந்த வீடும் தெரிந்துவிடும். இதை எந்தக் கம்பெனியும் ஸ்கேன் பண்ணி வைத்திருக்காது.

நிலம் இருந்த குடும்பம் என்றால் பத்திரம்தான் பெரிய புதையல். ஊரில் பெரியப்பா வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த 1937-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் இப்படி ஆரம்பிக்கும்: "திருப்பத்தூர் தாலுகா ஆலங்காயம் கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற பெருமாள் குமாரர் முனுசாமிக்கு எழுதிக் கொடுத்த சுத்தக் கிரய சாசனம்." இந்த ஒரு வரியில் அப்பா பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. 'காலஞ்சென்ற' என்றதால் 1937-க்கு முன்பே பெருமாள் இறந்துவிட்டார் என்பதும் வந்துவிட்டது. அவசரப்பட்டு மூடிவிடாமல் கீழே செக்குபந்தியைப் படியுங்கள். கிழக்கே யார் நிலம், மேற்கே யார் நிலம் என்று இருக்கும். பக்கத்து நிலம் பெரும்பாலும் பங்காளியுடையது, ஒரு காலத்தில் பாகம் பிரித்ததுதான். சாட்சிக் கையெழுத்திலும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு பதிவுத்துறை வெப்சைட்டில் வில்லங்கம் பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் இணையத்தில் இலவசம். மிகப் பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு போட வேண்டும். அங்கே ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சொத்தை வைத்துத் தேடும் அட்டவணை போல, எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை வைத்துத் தேடும் அட்டவணையும் பதிவுச் சட்டப்படி உண்டு. அதுதான் இன்டெக்ஸ் ஒன்று. சர்வே எண் தெரியாதவர்களுக்கு அதுதான் கதவு. கட்டணம் சொற்பம். ஆனால் ஆள் போக வேண்டும், குமாஸ்தா முகம் கொடுத்துப் பேச வேண்டும். தாராவியிலிருந்து இதற்காக ரயில் ஏறுவதைவிட, ஊரில் நம்பிக்கையான பத்திர எழுத்தர் ஒருவருக்கு நகல் எடுக்கக் காசு கொடுப்பது மேல். வம்சாவளிக்காக நான் மனசாரச் செலவு செய்யச் சொல்லும் முதல் இடம் இதுதான்.

சில குடும்பங்களுக்குத் தனி வழி உண்டு. நகரத்தார் என்றால் ஒன்பது கோயிலில் உங்கள் கோயிலைக் கேளுங்கள், கல்யாணமானதும் தனிக் குடும்பமாக எண்ணிப் புள்ளி சேர்த்த கணக்கு அங்கே இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சொந்த ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. குடும்பத்தில் யாராவது உலகப் போரில் செத்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வெப்சைட்டில் பைசா செலவில்லாமல் தேடலாம். இந்திய சிப்பாய்கள் சிலருக்கு அப்பா பெயர், ஊர்ப் பெயர்கூட இருக்கும். ஹரித்வாரில் யாத்திரை வருவோரின் வம்சத்தை எழுதி வைக்கும் பண்டாக்கள் என்ற பூசாரிகளின் பேரேடுகளை ஃபேமிலிசர்ச் படம் பிடித்து வைத்திருக்கிறது. வடநாட்டுக் குடும்பங்களுக்கு அது பெரிய சொத்து, நமக்கு அவ்வளவாகப் பயன்படாது.

அந்த ஃபேமிலிசர்ச்சில் கணக்குத் திறந்து வையுங்கள். அமெரிக்காவில் மார்மன் என்று அழைக்கப்படும் ஒரு சபை நடத்துவது, முழுக்க இலவசம். சில படங்களை மட்டும் அவர்களுடைய மையத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். காசு கேட்கும் வெப்சைட்டில் கட்டுவதற்கு முன் அதே பதிவேடு இங்கே சும்மா கிடைக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகட்டும்.

கடல் தாண்டியவர்கள் இருந்தால் கதை வேறு

அண்ணன் மகன் கேட்டது எங்கள் தாத்தாவின் பெரியப்பாவைப் பற்றி. கோவிந்தன் என்று பெயர், "நேட்டாலுக்குப் போனவர் திரும்பலை" என்பதுதான் வீட்டில் வழங்கிய கதை. நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல்தான் முதலில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. வெள்ளைக்காரன் கூலிக்கு ஆள் எடுத்த இடத்தில் கணக்குப் பிசகவில்லை. ஆளுக்கு ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தான். அந்தக் கப்பல் பட்டியல்களை டர்பன் பல்கலைக்கழகக்காரர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். பார்க்கக் காசு வேண்டாம்.

இதில் எங்கள் பக்கத்து ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. வாணியம்பாடி என்றதும் எல்லாரும் வட ஆற்காடு என்று தேடுகிறார்கள். இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம், 2019 வரை வேலூர், அதற்கு முன் வட ஆற்காடு, சரி. ஆனால் 1911 வரை வாணியம்பாடி இருந்த திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றதும் அதே 1911-இல். ஆக, அந்தப் பட்டியலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் அவர் சேலத்துக்காரராகத்தான் இருப்பார். சித்தூர்ப் பக்கத்தவர்களோ அதில் வட ஆற்காட்டுக்காரர்கள், சித்தூர் ஜில்லா பிறந்ததே 1911-இல்தான். உங்கள் தாலுகா அந்தக் காலத்தில் எந்த ஜில்லா என்பதைப் பிரிட்டிஷ் காலத்து ஊர் விவரத் தொகுப்பான பழைய இம்பீரியல் கெஜட்டியரில் பாருங்கள், இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எந்தக் கட்டணச் சேவையிடமும் முதலில் இதைத்தான் நான் கேட்பேன்: 1905-இல் வாணியம்பாடி எந்த ஜில்லா? தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

எழுத்துக் கூட்டலும் தாறுமாறு. கேட்டதைக் கேட்டபடி குமாஸ்தா இங்கிலீஷில் எழுதினான். முனுசாமி மூன்சாமி ஆனார், சின்னத்தம்பியின் 'சி'க்கு ஆளுக்கொரு எழுத்து. நாகப்பட்டினம், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் நெகபட்டாம், டிரிச்சினாபொலி, டாஞ்சோர்தான். பெயரை முழுதாக அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டு, ஜில்லாவை வைத்து வடிகட்டுங்கள். கோவிந்தன்கள் குவிந்து வந்தார்கள். சேலம், அப்பா பெருமாள், வயது இருபதுக்குக் கிட்டே என்று கழித்துக்கொண்டே போனதில், ஆலங்காயத்தைக் கொஞ்சம் கடித்துத் துப்பியது போல ஒரு கிராமப் பெயருடன் ஒருவர் நின்றார். அப்பா பெயர் பத்திரத்திலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள், அதில் வரும் முனுசாமி கோவிந்தனோடு பிறந்தவர். அது இல்லாமல் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

காசு கட்ட வேண்டிய நேரம் இதற்குப் பிறகுதான் வந்தது. அங்கே செத்தவர் சொத்து பத்து வைத்திருந்தால் அவருக்கு ஒரு சொத்துக் கோப்பு இருக்கும். அதில் இருக்கும் இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் எழுதுவார்கள். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை இங்கிருந்தே இலவசமாகத் தேடலாம். கோப்பு எண் கிடைக்கும், உள்ளே இருக்கும் தாள் கிடைக்காது. நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்காக யார் விமானம் ஏறுவது? அந்த ஊரிலேயே காப்பகத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்புவதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். "டேய், இப்போ கட்டு" என்றேன். ஒரு கோப்பு, எல்லாப் பக்கங்களின் படம், இவ்வளவு கூலி என்று பேசிக் கட்டினான். வந்த தாளில் பிள்ளைகள் பெயரில் ஒன்று பெருமாள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் ஆவணம் இருக்கிறது, சிலருக்குப் புகைப்படத்தோடு. ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு குடியேற்றப் பாஸ் (அனுமதிச் சீட்டு) உண்டு. தெற்கிலிருந்து அங்கே கப்பல் போனது 1903-லிருந்து. பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் கொடுத்து வைத்தவர்கள்: பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகளைத் தங்கள் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் வெப்சைட்டில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். படிக்கப் பிரெஞ்சு தெரிந்தவருக்கு வேண்டுமானால் காசு கொடுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலேயா ரப்பர் தோட்டம் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு நேட்டாலைப் போல ஆள்வாரிப் பட்டியல் எதிர்பார்க்க முடியாது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தமிழ் முரசு உட்படத் தேடிப் பாருங்கள், அது இலவசம். இலங்கை, மலேயா, பர்மா வழியில் ஏழு தலைமுறை எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் எந்தப் பேரேட்டிலிருந்து என்று கேளுங்கள்.

ஆளை அமர்த்துவது என்று முடிவானால்

மரம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். "1903 வாக்கில் சேலம் ஜில்லாவிலிருந்து போன, பெருமாள் மகன் கோவிந்தனுக்குச் சொத்துக் கோப்பு உண்டா, இருந்தால் படம் வேண்டும்" என்று கேளுங்கள். கேள்வி இப்படிக் குறுகலாக இருந்தால் கூலியும் குறையும், ஏமாற்றவும் இடமிருக்காது. எந்தக் காப்பகம், எந்த வரிசைப் பேரேடு பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மூலத் தாளின் படம் கட்டாயம். டைப் அடித்த பெயர்ப் பட்டியல் மட்டும் தந்தால் வேண்டாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் எதையெல்லாம் பார்த்தோம் என்று பட்டியல் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். நேர்மையான ஆள் "கிடைக்காமல் போகலாம், பார்த்த நேரத்துக்குக் கூலி உண்டு" என்பார். அது நியாயம். முன்பணம் கொஞ்சம், மிச்சம் படம் வந்த பிறகு.

சோழர் வம்சம், பல்லவர் வழி என்று பேச்சை ஆரம்பிப்பவர்களிடம் நான் உட்காருவதே இல்லை. குடும்ப முத்திரை பொறித்த சட்டம் போட்ட சான்றிதழ் இலவசம் என்றாலும் வேண்டாம். சாதி விஷயத்திலும் கவனம்: கப்பல் பட்டியலில் இருப்பது அன்றைக்கு ஒரு குமாஸ்தா காதில் விழுந்தது. வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதற்கும் அதற்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதைச் சொந்தக்காரர் குரூப்பில் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள், கல்யாண வீட்டில் சண்டை வரும்.

எச்சில் அனுப்பும் டி.என்.ஏ. சோதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டியிருக்கிறோம். அதனால் தூரத்து உறவுக்காரர்களுக்குள்ளும் மரபணு நிறையப் பொதுவாக இருக்கும். கம்பெனி போடும் உறவுக் கணக்குக்கு இந்த வழக்கம் தெரியாது, தூரத்து உறவை உள்ளதைவிட நெருங்கிய உறவாகக் காட்டிவிடும். தகவல் பாதுகாப்பும் யோசிக்க வேண்டியது. 23அண்ட்மீ என்ற பெரிய கம்பெனியில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் திவால் மனு போட்டார்கள். டர்பனில் இருக்கும் கிளையும் நாமும் ஒரே வழிதானா என்று இரண்டு பக்கமும் சம்மதித்துப் பார்ப்பதற்கு மட்டும் நான் சரி என்பேன்.

இத்தனைக்குப் பிறகும் சந்தாதான் வேண்டும் என்றால், உதாரணமாக ஆங்கிலோ இந்தியக் குடும்பம், தாத்தா ரயில்வேயில் இருந்தார், பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஞானஸ்நானப் பதிவு ஃபைண்ட்மைபாஸ்டில்தான் இருக்கிறது என்றால், முதலில் பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவசத் தேடலில் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருஷத் தள்ளுபடி வேண்டாம். தேட வேண்டிய பெயர், வருஷம் எல்லாம் நோட்டில் தயாராக எழுதி வைத்துக்கொண்டு, வேலை இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். இலவசச் சோதனைக் காலத்துக்கும் கார்டு கேட்பார்கள், கெடு தாண்டினால் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். டாலரிலோ பவுண்டிலோ பிடிப்பதால் வங்கி தன் பங்குக்கு மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். கட்டிய அன்றே அடுத்த புதுப்பிப்பை ரத்து செய்துவிடுங்கள், மிச்ச நாளுக்குத் தேடல் நடக்குமா என்பதை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள். ரத்தானதாக வந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் அணைத்தும் வைக்கலாம். கிடைத்த பதிவை அவர்கள் மரத்தில் சேர்ப்பதோடு விடாமல் படத்தை இறக்கி, எந்தப் பேரேடு, எந்தப் பக்கம் என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். சந்தா முடிந்ததும் மரம் கண்ணில் தெரியும், பதிவைத் திறந்தால் மறுபடி காசு கேட்கும்.